மேல்பல்லும் தாய்மாமனும்

எங்கள் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர்கள். பரளச்சியில் நாங்கள் இருந்த காலத்தில் அதற்கு அடக்கம் என்று பெயர். அம்மா முந்தானையால் பொத்துவாள், தங்கை கையால், நான் எந்தப் புத்தகம் அகப்படுகிறதோ அதனால். வீட்டுக்கு வருகிறவர்கள், "பல்லு தெரியாமச் சிரிக்குதுக, நல்ல வளப்பு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே தெரிவதற்குப் பல் போதவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மேல்வரிசையில் முன்பற்களுக்கு இருபுறமும் இருக்க வேண்டிய இரண்டும் முளைக்கவே இல்லை. தங்கைக்கு அந்த இடத்தில் ஒன்று இருந்தது, ஆனால் சீவிய பென்சில் முனை போல. அம்மாவுக்கு எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. தலை நரைக்கும் முன்பே பல்செட்டு மாட்டிக்கொண்டாள்.

காரணம் கேட்டால் எல்லோரும் தண்ணி என்றார்கள். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பல்லில் பழுப்புக் கறை விழும். ஆகவே பல் சம்பந்தமான எந்தக் குற்றத்தையும் போர்க்குழாயின் பேரில் பதிந்துவிடலாம். அது எதிர்வாதம் செய்யாது. அதே தண்ணீரைக் குடித்த அடுத்த வீட்டுக்காரர்களுக்குப் பற்கள் வரிசையாக, கறையோடு, முழுதாக இருந்தன. அதைப் பற்றி யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஏதோ வேடிக்கை சொன்னார். உண்மையிலேயே வேடிக்கையாக இருந்ததால் கையை எடுத்துவிட்டுச் சிரித்தேன். காப்பியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். அதன்பின் நான் தேர்வெழுதி, ஓர் அரசு மருத்துவமனையின் அலுவலகத்தில் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, இப்போது அருப்புக்கோட்டையில் தனியாக இருக்கிறேன். அந்த இரண்டு பற்களையும் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கட்டிக்கொண்டேன். தங்கை என் கதையைப் பார்த்துப் பாடம் படித்தவள். அவளைப் பார்க்க வந்தபோது எதற்கும் சிரிக்கவில்லை. கல்யாணம் நடந்தது. அதே பாடத்தைத் தன் மகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சில வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தாள். மாலை போட்ட படத்திலும் உதடு ஒட்டித்தான் இருக்கிறது.

அந்த மகள் வாழ்க்கைப்பட்டது திருச்சுழியில். மாப்பிள்ளைக்கு மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீடு முழுவதும், கடை பாதியும் அவள் மாமியாரின் நிர்வாகம். எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கும். வேறொரு துறையின் தலைவருக்குக் கொடுக்கிற மரியாதையை நான் அவருக்குக் கொடுத்துவந்தேன். அவரும் என்னை அப்படித்தான் நடத்தினார். 'மதினி' என்று கூப்பிடுவார். ஆனால் குரலில் 'தங்கள் பார்வைக்கு' என்கிற தொனி இருக்கும்.

பிறந்தது ஆண் குழந்தை. பிறந்த முதல் கோடையிலிருந்து அதற்குக் காய்ச்சல். மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் விட்டுவிட்டு வரும். மழை விழுந்தால் போய்விடும். இரத்தத்தில் ஒன்றும் இருக்காது. டவுனில் ஒரு கிளினிக்கில் டைபாய்டு மாதிரி என்றார்கள், இன்னொன்றில் வைரஸ் மாதிரி என்றார்கள். இந்த 'மாதிரி' என்கிற சொல்லை நான் அலுவலகக் கோப்புகளில்கூட அனுமதித்ததில்லை. குழந்தைக்கு முடி பூனைக்குட்டியின் முடிபோல மெல்லிசாக இருந்தது. அடர்த்தியாக வரட்டும் என்று குலதெய்வத்துக்கு மொட்டை போட்டார்கள். முடி அதே மெல்லிசில் திரும்பி வந்தது. கண்ணைச் சுற்றித் தோல் கறுத்து, சுருங்கி, யாரோ பெரியவரின் கண்ணை இரவல் வாங்கியதுபோல இருக்கும்.

தவழ ஆரம்பித்ததும் குழந்தை ஒரு வேலை செய்தது. விட்டால் நேராகக் குளியலறைக்குப் போய் ஈரத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மாமியார் தூக்கிவந்து, துடைத்து, கனத்த துண்டில் சுற்றுவார். அது வீறிடும்.

"காச்சக்காரப் பிள்ளைக்குத் தண்ணி ஆகாதுய்யா" என்பார் அதனிடம். எங்கள் பக்கத்தில் இது சட்டம். காய்ச்சல் கண்டால் குளிப்பாட்டக் கூடாது, காற்றுப் படக் கூடாது, போர்த்திப் படுக்கவைக்க வேண்டும்.

என் பங்குக்கு நானும் அலைந்தேன். எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை எந்த டாக்டர், எந்தச் சீட்டை எந்த ஜன்னலில் கொடுத்தால் வரிசை குறையும், காப்பீட்டு அட்டைக்கு யார் கையெழுத்து, எல்லாம் எனக்குத் தெரியும். என்ன நோய் என்பதுதான் தெரியவில்லை. என் தங்கை மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வருவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். சித்திரை நெருங்கும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்பதற்குக் காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்கு முன் பிறந்த அண்ணன் கைக்குழந்தையாகக் கத்திரி வெயிலில், காய்ச்சலில் போனவன். அதற்கு முந்திய தலைமுறையில் எனக்கும் தங்கைக்கும் நடுவில் பிறந்த தம்பியும் அப்படித்தான் போனான். எங்கள் வீட்டில் ஆண் குழந்தை தங்காது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவள் புகுந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் இதுவரை எடுக்கவில்லை. எடுத்தால் குழந்தையின் காய்ச்சல் முழுவதும் அவள் கணக்கில் சேரும்.

பங்குனியில் ஒருநாள் மாமியார் போன் செய்தார்.

"மதினி, பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருச்சு."

ஒன்றரை வயதுக்கு மேல் ஆகியிருந்தது. "நல்ல சேதி" என்றேன்.

"என்ன நல்ல சேதி. மேப்பல்லுல்ல மொளச்சிருக்கு, ரெண்டு. அதுவும் நாய்க்குட்டிப் பல்லு மாதிரி கூரா இருக்கு."

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாதகம் ஏன் தாய்மாமனைத் தேடிப் போகிறது, பெரியப்பாவை ஏன் விட்டுவிடுகிறது என்பதற்கு விதிமுறை எதுவும் இல்லை.

"அவளுக்குத்தான் கூடப்பிறந்தவன் இல்லையே" என்றேன்.

"இல்லைங்கிறது எனக்கும் தெரியும். அப்பொ இது யாரு தலையில விடியும்னு கேக்கேன். ஒங்க வீட்ல ஆம்பளப் பிள்ளையே தங்கலையாமே, ஏன் மதினி?"

"காய்ச்சல்" என்றேன்.

அவர் நிர்வாகத்துக்குத் திரும்பினார். "சரி, பல்லுக் கொழுக்கட்டை போட்ருவோம். மாமன் எடத்துல நீங்க வந்து நில்லுங்க. பென்சன் வாங்குற ஆளு, ஒங்கள ஒண்ணும் செய்யாது."

ஓய்வூதியத்துக்கு இப்படியொரு பாதுகாப்பு இருப்பதை எந்த அரசாணையிலும் நான் படித்ததில்லை.

சித்திரையில் ஒரு நல்ல நாளாகப் பார்த்து வைத்தார்கள். நல்ல நேரம் உச்சிப்பொழுதை ஒட்டி அமைந்தது. கடைக்கு முன்னால் தகரப் பந்தல். குழந்தைக்குக் கழுத்து வரை பொத்தான் வைத்த ஜரிகைக் கோட்டு. சுளகின் முன் உட்காரவைத்து, தலைக்குமேல் வெள்ளைத் துணியைப் பிடித்தார்கள். பல் அளவுக்குக் கிள்ளி அவித்த கொழுக்கட்டைகளை, தாய்மாமன் என்ற பதவியில், நான் அளக்கிற படியிலிருந்து துணிமேல் கொட்டினேன். பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கின. குழந்தை ஒன்றை எடுத்து வாயில் வைத்து அந்த இரண்டு கூர்ப்பற்களாலும் குத்தியது.

"ஏலே, பாரு, நாய்க்குட்டி கடிக்கிறாப்லேயே இருக்கு" என்று மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் சொல்ல, பந்தல் சிரித்தது. என் தங்கை மகளும் சிரித்தாள், பொத்திக்கொண்டு.

துணியை விலக்கக் குனிந்தபோது என் கை குழந்தையின் கழுத்தில் பட்டது. மொட்டைமாடித் தளத்தில் மத்தியானம் கை வைத்ததுபோல இருந்தது. என் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கூட்டாளிக்குச் சட்டை முழுக்க உப்புக்கோடு. மாமியாரின் குங்குமம் கரைந்து மூக்குக்கு வந்திருந்தது. குழந்தையின் உடம்பில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தலை சாய்ந்தது.

கடை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த நர்ஸ் முதல் காரியமாகக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயைத் திறந்து துணியை நனைத்து உடம்பு முழுக்கப் போட்டார். மாமியார் தடுக்கப் போனார், நர்ஸ் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார். ஊசியை எடுத்து வருவதற்குள் சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. தொண்டையைப் பார்க்க வாயைத் திறந்த டாக்டர், தொண்டையை விட்டுவிட்டுப் பல்லைப் பார்த்தார். கீழ் ஈறைத் தடவினார். "மதுரையில பல் டாக்டர்ட்ட காட்டுங்க. தள்ளிப்போடாதீங்க" என்றார்.

காய்ச்சலுக்குப் பல் டாக்டர் எதற்கு என்று எனக்கே புரியவில்லை. ஆனால் சீட்டு எழுதிக் கொடுத்தால் போக வேண்டும் என்று நாற்பது வருடம் பிறரிடம் சொன்னவள் நான். மாமியாரும் கிளம்பினார். அவருக்குத் தனிக் காரணம் இருந்தது.

"அந்தக் கூர்ப்பல்ல அராவி விட்ருவாகளா மதினி? மழுக்கிட்டா தோசம் போயிரும்ல."

மதுரை ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் சின்னப் பெண். என் தங்கை மகள் குழந்தையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியாருக்கு ஒரு ஸ்டூல். நான் சுவரோரம். டாக்டர் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியைக் குழந்தையின் வாய்க்குள் வைத்துப் பார்த்தார். ஈறை விரலால் அமுக்கினார். எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொன்னார். படத்தில் கீழ்த்தாடையில் வருவதற்குப் பல்லே காத்திருக்கவில்லை.

"குழந்தைக்கு வேர்க்குமா?" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வேர்த்து யாரும் பார்த்ததில்லை.

"அம்மாகூடப் பிறந்த அண்ணன், தம்பி இருக்காங்களா? குழந்தையோட தாய்மாமன்?"

மாமியார் ஸ்டூலோடு என் பக்கம் திரும்பினார். "பாத்தீகளா மதினி. இவுகளும் மாமனத்தான் கேக்காக."

டாக்டருக்கு விளங்கவில்லை. நான் சொல்ல வேண்டியதாயிற்று. இவளுடைய அண்ணன், என்னுடைய தம்பி, இரண்டு பேருக்கும் கத்திரியில் காய்ச்சல். அலுவலகக் குறிப்பு மாதிரி சொன்னேன். மாமியார் முழுதாகக் கேட்டது அன்றுதான். டாக்டர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்க வாயைத் திறங்க."

என் தங்கை மகளின் கை வாய்க்குப் போய்விட்டது. கைக்குள்ளிருந்தே பேசினாள். "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். எங்க ஊருத் தண்ணி. எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

"தண்ணி பல்லுல கறை போடும். பல்லையே முளைக்கவிடாமப் பண்ணாது."

மாமியார் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் குழந்தையின் குறை யார் வீட்டிலிருந்து வந்தது என்பது அந்த அறையிலேயே முடிவாகிவிடும். திறக்காவிட்டால் டாக்டர் சந்தேகத்தோடு அனுப்புவார், நாங்கள் திருச்சுழிக்குத் திரும்புவோம், கனத்த துண்டு காத்திருக்கும். திற என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. குழந்தை மடியிலிருந்து எட்டி, குளிர்ந்த ஸ்டீல் தட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. அவள் அதைப் பார்த்தாள். கையை எடுத்தாள். அண்ணாந்து, நன்றாகத் திறந்தாள்.

ஒரு பக்கம் பென்சில் முனை. மறுபக்கம் காலி. கீழ்வரிசையில், என்றோ விழுந்திருக்க வேண்டிய பால்பல் ஒன்று, இடத்தைக் காலி செய்யாத வாடகைக்காரர்போல அப்படியே இருந்தது. டாக்டர் என்னையும் கேட்டார். கட்டுப்பல் என்று சொல்லித் திறந்து காட்டினேன்.

பல்லும் முடியும் வியர்வைச் சுரப்பியும் கருவில் ஒரே தோலிலிருந்து வளர்கிறவை என்று அவர் விளக்கினார். அது சரியாக வளராத குறை அம்மா வழியாக வருகிறது. பெண்ணுக்கு வந்தால் பெரும்பாலும் நாலு பல் குறைவதோடு போய்விடும். ஆணுக்கு வந்தால் முழுதாக வரும். வேர்க்காத உடம்பில் சூடு இறங்க வழியில்லை. வெயில் ஏறினால் உடம்பும் ஏறும். அதுதான் காய்ச்சல் என்று பெயர் வாங்கியிருந்தது.

"அப்ப அந்தப் பிள்ளைங்க?" என்று என் தங்கை மகள் கேட்டாள்.

"இதாத்தான் இருக்கணும்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது. இருக்கலாம். தோல் டாக்டருக்கு எழுதித் தரேன், பார்த்துட்டு வாங்க."

"பல்லுக்குத் தோலு டாக்டரா?" என்றார் மாமியார்.

"இது தோல் வியாதிதான் பாட்டி. வாயிலதான் முதல்ல தெரியுது."

பாட்டி என்றது அவருக்குப் பிடிக்கவில்லை.

தோல் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் தங்கை மகள் நடுவில். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவள்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் எதிர்ச் சுவரிடம் சொன்னார்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பாத்துட்டேன்."

"என்னத்த?" என்றேன்.

"முறுக்கக் கடவாப் பல்லுல வச்சுக் கடிச்சா. முன்னால பல்லு இருக்கிறவ யாரு அப்படிக் கடிப்பா?"

அவள் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் கை கீழே இறங்கியதில்லை. "பெறகு ஏன் அத்தே ஒண்ணும் சொல்லல?"

"தண்ணின்னு நெனச்சேன். நம்ம வீட்லதான் ஆர்.ஓ. மிசினு இருக்கே, சரியாப் போகும்னு விட்டுட்டேன்."

கல்யாண வயதுப் பெண்ணுக்கு வடிகட்டிய தண்ணீரில் பல் முளைக்கும் என்று எதிர்பார்த்த அந்த நிர்வாகத்தின் மேல் எனக்கு வியப்பு உண்டாயிற்று.

"தண்ணி இல்லேன்னு தெரிஞ்சிருந்தா?" என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டேன்" என்றார் மாமியார். குரலில் கோபம் இல்லை. விலை கேட்டவருக்கு விலை சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "இப்பொ எடுத்தாச்சு. பிள்ளைய இங்கிட்டுக் குடு. சுடுதான்னு பாரு, நீ பாட்டுக்கு உக்காந்திருக்க" என்று வாங்கிக்கொண்டு போனார். நடைக்கோடியில் இருந்த குழாயில் முந்தானையை முழுசாக நனைத்து, பிழியாமல், குழந்தையின் தலையில் போட்டார். தண்ணீர் அவர் இடுப்பெல்லாம் வழிந்தது. குழந்தை வீறிடவில்லை.

தோல் டாக்டர் அதையே உறுதி செய்தார். என் தங்கை மகளின் முதுகில் அயோடினைத் தடவி, மேலே மாவுத்தூளைத் தூவி உட்காரவைத்தார். வேர்த்த இடமெல்லாம் கறுத்தது. வேர்க்காத இடம் கோடு கோடாக விட்டுப்போயிருந்தது. "கோலத்துல மாவு தீந்தாப்ல இருக்கு" என்றார் மாமியார். மருந்து ஏதுமில்லை. வெயில் காலத்தில் குழந்தையை நனைத்து வைக்க வேண்டும், போர்த்தக் கூடாது, மூன்று வயதுவாக்கில் பல் செட்டு வைக்கலாம். நான் பணியாற்றிய காலம் முழுவதிலும் இவ்வளவு சுருக்கமான நடைமுறையைப் பார்த்ததில்லை. நகல் எடுக்கக்கூடத் தேவையில்லை.

இந்த வருடக் கத்திரியில் திருச்சுழிக் கடைக்குள் நீல டிரம்மைப் பாதியாக அறுத்துத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்கள். மோட்டார் ஓடுகிறதா என்று வாடிக்கையாளருக்கு இறைத்துக் காட்டுகிற தண்ணீர் அதில்தான் விழுகிறது. குழந்தை பனியனோடு அதற்குள் உட்கார்ந்திருக்கும். வெளியே எடுத்தால் தானே பனியனைப் பிடித்து இழுத்து, "நனை" என்கிறது. பார்க்கிறவர்கள் பதறுகிறார்கள்.

"பச்சப்பிள்ளைய இப்படித் தண்ணியில போட்டா காச்ச வராதா?" என்று பைப் வாங்க வந்த ஒருவர் என் முன்னாலேயே கேட்டார்.

"வெளிய எடுத்தாத்தான் வரும். நீரு பைப்பப் பாரும்" என்றார் மாமியார்.

காய்ச்சல் அடியோடு நின்றது என்று எழுத எனக்கு ஆசைதான். கரண்ட் போன ஒரு மத்தியானம் உடம்பு ஏறத்தான் செய்தது. டிரம்மில் இறக்கினார்கள், இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கத்திரி முடியப் போகிறது. குழந்தை இருக்கிறது.

போன வாரம் மாமியாரின் இளைய மகனுக்குப் பெண் பார்க்க நரிக்குடிப் பக்கம் போனோம். என்னையும் அழைத்திருந்தார்கள். பெண் முறுக்குத் தட்டோடு வந்து நின்றாள். மாமியார் அவள் பல்லைப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பில், "ஒனக்குத் தாய்மாமன் எத்தன பேரு தாயி?" என்று கேட்டார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "நாலு பேரும்மா. நாலு பேரும் கல்லு மாதிரி இருக்காக. சீரு செய்யுறதுல ஒருத்தருக்கொருத்தர் போட்டி போடுவாக."

"சீரு கெடக்கட்டும்" என்றார் மாமியார். "அவுகளுக்கு வேர்க்குமா?"

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. என் தங்கை மகள் மட்டும் சிரித்துவிட்டாள். ஈரப் பனியனோடு நெளிந்த குழந்தையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் பொத்திக்கொள்ளக் கை மிச்சமில்லை.